மூச்சைத் தேடிய தந்திகள்

சன்னி ஷாரக் தம்மைக் கிதார் கலைஞர் என்று முழுமனத்துடன் ஒப்புக்கொண்டதே இல்லை. தாம் சாக்ஸபோன் ஊதியிருக்க வேண்டியவர் என்றும், கையில் வந்து சேர்ந்தது வேறொரு கருவி என்றும், கிதாரின் இயல்பான நாதத்தின்மேல் தமக்குப் பெரிய மோகம் கிடையாது என்றும் அவர் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இதனை அவையடக்கமாகக் கொள்பவர்கள் அவரது இசையைப் பாதிதான் கேட்டவர்கள். 1966 முதல் 1994 வரை அவர் பதிவுசெய்தவற்றை வரிசையாகக் கேட்டு வந்தால், மூச்சில்லாத ஒரு கருவியிலிருந்து மூச்சை வரவழைக்க ஒரு மனிதர் நடத்திய நெடும்போராட்டமாகவே அவை ஒலிக்கின்றன. அவர் எழுப்பிய பேரிரைச்சலும் இந்தப் போராட்டத்தின் ஒரு பகுதியே. அவர் வாசித்த, தாலாட்டை ஒத்த எளிய மெட்டுகளும் இதன் பகுதியே.

வாரன் ஹார்டிங் ஷாரக் என்பது அவருடைய முழுப்பெயர். 1940-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் ஆஸினிங் என்னும் ஊரில் பிறந்தார். ஹட்ஸன் ஆற்றங்கரையில் உள்ள அவ்வூரை வெளியுலகம் பெரும்பாலும் அங்குள்ள சிங் சிங் சிறைச்சாலையைக் கொண்டே அறியும். பதின்வயதில் ஷாரக் பாடகராக இருந்தார். 1950-களில் அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் கறுப்பின இளைஞர்கள் நான்கைந்து பேராகக் கூடி நின்று பாடிய டூ-வாப் இசைதான் அவருடைய முதற் பள்ளி. ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் அதற்குத் தாளமும் சுருதியும் கட்டி நிறுத்துவார்கள். வாத்தியம் வாங்கப் பணமில்லாதவர்களின் வாத்திய கோஷ்டி அது. ஷாரக்கைக் கூச்சலின் கலைஞர் என்று முத்திரை குத்திவிட்டவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள். அவர் பாடிப் பழகிய பிறகே வாசிக்க வந்தவர்.

1959-இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டில் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனைக் கேட்டதும் அவருடைய வழி திரும்பிற்று. இனித் தாம் வாசிக்க வேண்டியது டெனர் சாக்ஸபோனே என்று தீர்மானித்தார். ஆனால் அவருக்கு ஆஸ்துமா இருந்தது. ஊதுகருவி கேட்கும் மூச்சு அவர் நெஞ்சில் இல்லை. இருபதாம் வயதில், வேறு வழியின்றி, கிதாரைக் கையில் எடுத்தார். இசையுலகில் அது மிகவும் காலம் கடந்த தொடக்கம். 1961-இல் பாஸ்டன் நகரத்து பெர்க்லீ இசைப்பள்ளியில் சேர்ந்து சில மாதங்கள் மட்டுமே பயின்றார். ஆகவே ஜாஸ் கிதாருக்கென்று அன்றிருந்த மரபு, மென்மையான தொனி, முத்துக் கோத்தாற்போல் சொரியும் சுரங்கள், எதுவும் அவர் விரல்களில் ஆழ ஊன்றவில்லை. ஊன்றாததே நல்லதாயிற்று என்பது என் எண்ணம்.

மீட்டிய தந்தியின் ஒலி பிறந்த கணத்திலேயே உச்சத்தில் இருக்கும். அடுத்த கணத்திலிருந்து தேயத் தொடங்கிவிடும். மூச்சின் ஒலி அப்படியன்று. அது மெல்லத் தொடங்கிப் பெருகலாம். நடுவில் வீங்கலாம், நடுங்கலாம், உடையலாம். கோல்ட்ரேனும் அவர் வழிவந்தவர்களும் சாக்ஸபோனின் நாணல் சீவாளியை உதட்டால் அழுத்தி, ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் பிளிறும்படி ஊதினார்கள். இதனைத் தேய்ந்து மறையும் இயல்புடைய தந்தியில் எவ்வாறு செய்வது? ஷாரக் கண்ட வழிகள் பல. வில்லையைப் பிடித்த கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தந்திகளின்மேல் அதிர, தனிச்சுரங்கள் கரைந்து ஒரே ஒலித்திரளாகிவிடும். ஒரு சுரம் தேய்வதற்குள் அடுத்த நூறு சுரங்கள் அதன் இடத்தை நிரப்பிவிடும். அடுத்தடுத்த சுரங்களைக் கொத்தாக அழுத்தி மோதவிடுவார். பிற்காலத்தில் உலோகக் குழாயைத் தந்திகளின்மேல் வழுக்கவிட்டு, நம் கோட்டுவாத்தியத்தில் கட்டை நகர்வதைப்போல, மெட்டுக்கட்டைகள் முடிந்துபோன எல்லைக்கும் அப்பால் ஏறிச் செல்வார். ஒலிபெருக்கியை மிகைச் சுமையில் ஓடவிட்டால் தந்தியின் ஒலி தேயாமல் நீண்டுகொண்டே போகும் என்பதும் அவருக்கு வரப்பிரசாதமாயிற்று. நெஞ்சு தர மறுத்ததை மின்சாரம் தந்தது.

1966 நவம்பரில் ஃபேரோ சாண்டர்ஸ் பதிவுசெய்த ‘தவ்ஹீத்’ இசைத்தட்டில்தான் இந்தக் குரல் உலகின் காதில் விழுந்தது. சாண்டர்ஸ் அந்நாளில் கோல்ட்ரேனின் குழுவில் அவருக்கு அருகே நின்று ஊதியவர். ஷாரக் பிறந்த அதே 1940-இல் பிறந்தவர். முதற்பக்கம் முழுவதையும் நிறைக்கும் எகிப்தைப் பற்றிய நெடும்பதிவில் ஷாரக்கின் கிதார் தாள வாத்தியங்களோடு தாள வாத்தியமாய், மணிகளோடு மணியாய் இழைகிறது. எங்கே கிதார் என்று தேட வேண்டியிருக்கும். ஒரு காலக்கணக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். மின்கிதாரின் அலறல் என்றாலே ஜிமி ஹென்ட்ரிக்ஸைத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஹென்ட்ரிக்ஸின் முதல் இசைத்தட்டு வந்தது 1967 மே மாதத்தில். ஷாரக் அவருடைய சீடரல்லர். இருவரும் ஒரே காலத்தில் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து புறப்பட்டவர்கள். ஒருவர் புளூஸிலிருந்தும் ராக்கிலிருந்தும், மற்றவர் கோல்ட்ரேனின் மூச்சிலிருந்தும்.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் சோறு தின்றது ஹெர்பி மானின் தயவில். மான் புல்லாங்குழல் கலைஞர். இனிமையான, விற்பனையாகும் ஜாஸ் வாசித்தவர். அவர் ஏன் ஷாரக்கைத் தம் குழுவில் வைத்திருந்தார் என்பது அன்றும் பலருக்கு வியப்பு. 1969-இல் வெளிவந்த ‘மெம்ஃபிஸ் அண்டர்கிரவுண்ட்’ பெரும் வெற்றி பெற்ற இசைத்தட்டு. அதில் ஆட்டம் போட வைக்கும் ஒரு சோல் பாட்டின் நடுவே ஷாரக்கின் முறை வருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இரயில் வண்டியின் பெட்டிக்குள் யாரோ சூறாவளியைத் திறந்துவிட்டாற்போல் இருக்கும். இனிமை நாடி வந்த இரசிகர்கள் முகம் சுளித்த மேடைகள் உண்டு. மான் அவரை விலக்கவில்லை. ஷாரக்கின் பெயரில் முதல் இசைத்தட்டு வரவும் அவரே தயாரிப்பாளராக நின்றார். கலைஞர்களின் சரித்திரத்தில் இத்தகைய நடுத்தர வெற்றியாளர்களின் பெருந்தன்மைக்கு நாம் போதிய இடம் கொடுப்பதில்லை.

மைல்ஸ் டேவிஸின் கதை வேறு. 1970 பிப்ரவரி 18 அன்று நடந்த ஒரு பதிவில் ஷாரக் டேவிஸுக்காக வாசித்தார். அதன் ஒரு பகுதி 1971-இல் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்ஸனைப் பற்றிய திரைப்படத்துக்கான இசைத்தட்டில், இரண்டாம் பக்கத்தில், ஒட்டிச் சேர்க்கப்பட்டது. உறையில் ஷாரக்கின் பெயர் இல்லை. ஜான் மக்லாஃப்லினின் பெயர் இருந்தது. எனவே கேட்டவர்கள் எல்லாவற்றையும் மக்லாஃப்லினின் கணக்கில் எழுதினார்கள். அந்த அமர்வுகள் முழுமையாக 2003-இல் தொகுதியாக வெளிவந்தபோது, யார் எங்கே வாசித்தார் என்ற விவரம் அச்சில் நிலைபெற்றது. அப்போது ஷாரக் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடியவன் பெயர் தெரியாமல் பாட்டு மட்டும் எஞ்சிய மரபொன்று நமக்கு உண்டு. ஆயினும் பெயர் தெரிந்தே விடுபட்டுப்போவது மற்றொரு வகை.

1969-இல் வெளிவந்த ‘பிளாக் வுமன்’ அவருடைய பெயர் தாங்கிய முதல் இசைத்தட்டு. அதன் நாயகர் ஷாரக் என்பதைவிட, அவருடைய அன்றைய மனைவி லிண்டா ஷாரக் என்று சொல்லத் தோன்றுகிறது. லிண்டா பாடுவதில் சொல் இல்லை. முனகல், விம்மல், கூவல், அலறல், திடீரென்று ஒரு சிறுமியின் முணுமுணுப்பு. மில்ஃபோர்டு கிரேவ்ஸின் முரசுகள் தாளக்கட்டை உதறிவிட்டு நாடித்துடிப்பைப்போல் ஓட, டேவ் பரெலின் பியானோ கடலாய்ப் பொங்க, கிதாரும் குரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. இதை முதன்முறை கேட்பவர் கோபத்தின் இசை என்று எண்ணக்கூடும். திரும்பக் கேட்டால் காதலின் இசை என்று புலப்படும். சொல்லை நம்பிப் பிழைக்கும் நம் போன்றவர்கள் கேட்டேயாக வேண்டிய தட்டு இது. சொல் பிறப்பதற்கு முந்திய நொடியில் தொண்டைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை லிண்டா நமக்குக் காட்டிவிடுகிறார். அதே தட்டில் ‘பிளைண்ட் வில்லி’ என்ற சிறு துண்டு ஒன்று உண்டு; அதில் ஷாரக் தனியாக வாசிக்கிறார். அதனை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பின்னர் அது மீண்டும் வரும்.

1970-இல் பாரிஸில் பதிவான ‘மங்கி பாக்கி பூ’ பாதி விளையாட்டு, பாதி ஆராய்ச்சி. கிதாரை வைத்துவிட்டு ஊதலைக்கூட எடுத்து ஊதுகிறார். ஊத வேண்டும் என்ற பழைய ஆசை அப்படியாவது வெளிப்படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. 1975-இல் லிண்டாவுடன் செய்த ‘பாரடைஸ்’ அன்றைய ஃபங்க் இசையின் பாணிக்கு இறங்கிவந்த முயற்சி. அதில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. அதன்பின் திருமணம் முறிந்தது, வேலைகளும் நின்றன. லிண்டா பின்னர் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே பாடினார். 2009-இல் பக்கவாதம் அவருடைய பேச்சைப் பறித்துக்கொண்டது. ஆயினும் அடுத்த பத்தாண்டில் அவர் மேடைக்குத் திரும்பினார். அவருடைய இசைக்குச் சொல் என்றுமே தேவைப்பட்டதில்லை.

ஷாரக்கோ ஆஸினிங்கிலேயே இருந்தார். கார் ஓட்டினார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பராமரிக்கும் பணியையும் செய்தார். கோல்ட்ரேனின் குழுவைச் சேர்ந்தவருடன் வாசித்து, டேவிஸுடன் பதிவுசெய்து, ஐரோப்பாவில் தட்டுப் போட்டுத் திரும்பிய ஒருவர், தம் முப்பதுகளின் பிற்பகுதியை இவ்வாறு கழித்தார். இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர் பலரும் வீணாய்ப்போன காலம் என்று இரங்குகிறார்கள். அவர் பிற்காலத்தில் வாசித்த மெட்டுகளின் குழந்தைத்தன்மையைக் கேட்கும்போது, அப்படி முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வறுமையைக் கலையின் உரமென்று போற்றும் பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு வேலை கிடைத்திருந்தால் இன்னும் பத்துத் தட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அவரைத் தேடி வந்தவர் பில் லாஸ்வெல். பாஸ் கிதார் கலைஞர், தயாரிப்பாளர், ஷாரக்கைவிடப் பதினைந்து வயது இளையவர். தம் ‘மெட்டீரியல்’ குழுவின் 1981-ஆம் ஆண்டுத் தட்டான ‘மெமரி செர்வ்ஸி’ல் அவரை வாசிக்க வைத்தார். பின்னர் 1986-இல் ‘லாஸ்ட் எக்ஸிட்’ என்ற நால்வர் குழு உருவாயிற்று. ஜெர்மானியரான பீட்டர் ப்ரோட்ஸ்மன் சாக்ஸபோன், ரொனால்ட் ஷனன் ஜாக்ஸன் முரசுகள், லாஸ்வெல் பாஸ், ஷாரக் கிதார். ஒத்திகை கிடையாது, முன்கூட்டி எழுதிய இசை கிடையாது. நால்வரும் மேடையேறி அங்கேயே தொடங்குவார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் கோல்னிலும் பாரிஸிலும் அவர்கள் வாசித்தவை பதிவாகியுள்ளன. ப்ரோட்ஸ்மன் ஊதும் வேகம் மனிதரை மிரளச் செய்யும். ஷாரக் அதற்கு ஈடு கொடுத்து நிற்கிறார். இருவரில் யாருடைய ஒலி எது என்று பிரித்தறிய முடியாத இடங்கள் அத்தட்டுகளில் உண்டு. இருபதாம் வயதில் மருத்துவக் காரணத்தால் மறுக்கப்பட்ட கருவியை, நாற்பத்தைந்தாம் வயதில் அவர் தந்திகளின் வழியே எட்டிவிட்டார் என்றே அந்த இடங்களில் எனக்குத் தோன்றும். இரைச்சலுக்கு நடுவே ஜாக்ஸன் பழைய புளூஸ் ஒன்றைப் பாடத் தொடங்குவதும், மற்ற மூவரும் அதைப் பின்தொடர்வதும் உண்டு. அழிவின் குழு என்று பெயரெடுத்தவர்கள் வேரை மறந்தவர்களல்லர்.

அதே 1986-இல் வெளிவந்த ‘கிதார்’ என்ற தட்டுதான் அவருடைய தனித்தட்டுகளுள் எனக்கு மிகவும் நெருக்கமானது. வேறு எவரும் இல்லை. முரசு இல்லை, பாஸ் இல்லை. ஷாரக் முதலில் ஒரு தடத்தில் எளிய சுரக்கோவை ஒன்றைப் பதிவுசெய்கிறார். பின்னர் அதன்மேல் மெட்டையும் கற்பனையையும் தாமே வாசிக்கிறார். கையில் கிப்ஸன் லெஸ் பால், மார்ஷல் ஒலிபெருக்கி. தம்மோடு தாமே நின்று பாடும் டூ-வாப் என்று இதைச் சொல்லலாம். தட்டின் முதல் துண்டு எது தெரியுமா? ‘பிளைண்ட் வில்லி’ தான். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவசரத்தோடும் ஆவேசத்தோடும் வாசித்ததை இப்போது அகன்ற, கனத்த குரலில் வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு அமைந்தால் தவறவிடலாகாது. ஒரு கவிஞர் தம் இளமைக் கவிதையை முதுமையில் திருத்தாமல், அப்படியே உரக்கப் படித்தால் எப்படி இருக்குமோ அப்படி. தட்டின் இறுதியில் இளவரசி ஒருத்தியின் பெயரால் அமைந்த நான்கு பகுதித் தொடர் ஒன்று வருகிறது. அதில் ஓரிடத்தில் அவர் கிதாரிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே செய்யாமல், ஒரே சுரத்தை நீளவிட்டு அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பின்னர் வேலைகள் குவிந்தன. ‘கிரீம்’ குழுவின் ஜிஞ்சர் பேக்கரோடு 1987-இல் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். அவ்வாண்டே தம் சொந்தக் குழுவுடன் ‘சீஸ் தி ரெயின்போ’வை வெளியிட்டார், மெல்வின் கிப்ஸின் பாஸும் இரண்டு முரசுக் கலைஞர்களும் சேர்ந்த, மகிழ்ச்சி பொங்கும் ராக் இசை. 1990-இன் ‘ஹைலைஃப்’ அதைவிடவும் மென்மையானது. சின்தஸைசரின் பளபளப்பு எனக்குச் சற்று உறுத்துகிறது. ஆனால் 1966-இல் சாண்டர்ஸுடன் வாசித்த எகிப்து மெட்டை அவர் அதில் திரும்ப எடுத்திருப்பதற்காக மன்னித்துவிடலாம். நிக்கி ஸ்கோபெலிடிஸுடன் இணைந்து செய்த ‘ஃபெய்த் மூவ்ஸ்’ தந்தி வாத்தியங்கள் மட்டுமே உரையாடும் அமைதியான தட்டு. அதிகம் பேசப்படாதது, பேசப்பட வேண்டியது.

1991-இல் ‘ஆஸ்க் தி ஏஜஸ்’ வந்தது. லாஸ்வெல்லும் ஷாரக்கும் சேர்ந்து தயாரித்தது. சாக்ஸபோனுக்கு ஃபேரோ சாண்டர்ஸ். முரசுக்கு எல்வின் ஜோன்ஸ். 1960 முதல் 1966 தொடக்கம் வரை கோல்ட்ரேனின் புகழ்பெற்ற நால்வர் குழுவைத் தாங்கி நின்ற கைகள் அவருடையவை. பாஸுக்கு இளைஞரான சார்னெட் மாஃபெட். கோல்ட்ரேன் 1967-இல் மறைந்துவிட்டார். அவரோடு வாசிக்கும் பேறு ஷாரக்குக்குக் கிட்டவில்லை. அவருடைய சாக்ஸபோனைக் கேட்டுத் திசை மாறிய இளைஞர் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய முரசுக் கலைஞருக்கும் அவருடைய கடைசிக்காலத் துணைவருக்கும் நடுவில் நிற்கிறார். ஆனால் இத்தட்டு நினைவஞ்சலி ஆகிவிடவில்லை. மெட்டுகள் அனைத்தும் ஷாரக்கினுடையவை. குழந்தைகூட முனகக்கூடிய எளிமை அவற்றுக்கு. அந்த எளிய மெட்டைக் கிதாரும் சாக்ஸபோனும் சேர்ந்து ஒரு முறை, இரு முறை சொல்லும்; ஜோன்ஸின் மூவடித் துள்ளல் கீழே சுழலும்; பின்னர் மெட்டு தன் எடை தாளாமல் பிளந்துகொள்ளும். அச்சமும் அழகும் ஒரே பாட்டுக்குள் குடியிருக்க வேண்டும் என்பது அவர் நெடுங்காலம் விரும்பியது. இங்கே இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கவில்லை. ஒன்றின் உள்ளிருந்தே மற்றது வருகிறது.

இத்தட்டில் ‘லிட்டில் ராக்’ என்றொரு துண்டு உண்டு. சாண்டர்ஸ் பிறந்த ஊரின் பெயர் அது. 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த பள்ளிக்குள் இராணுவக் காவலோடு நுழைந்த ஊரும் அதுவே. ஷாரக் அதற்கு எந்த விளக்கமும் இசையில் தரவில்லை; துண்டு ஆடத்தக்க உற்சாகத்தோடு செல்கிறது. ‘ஹூ டஸ் ஷி ஹோப் டு பி’ என்ற மெல்லிய துண்டு இதற்கு மறுகோடி. ஐந்து நிமிடங்களுக்கும் குறைவு. கிதாரும் பாஸும் இராத்திரியில் திண்ணையில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுபோல் வாசிக்கின்றன. ஜோன்ஸ் தூரிகைகளால் பின்னே வருடுகிறார். ஷாரக்கை இரைச்சல்காரர் என்று கேள்விப்பட்டவருக்கு இதை யார் வாசிப்பது என்று சொல்லாமல் போட்டுக் காட்டலாம்.

வயதும் புகழும் கூடிவந்த நேரத்தில் வந்த வேலையொன்று வேடிக்கையானது. 1994 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட்’ என்ற கேலிச்சித்திர நிகழ்ச்சிக்கு அவர் இசையமைத்தார். முரசுக் கலைஞர் லான்ஸ் கார்ட்டரோடு சேர்ந்து அவர் வாசித்தவை அந்நிகழ்ச்சியின் தலைப்பிசையாயின. தனித்தட்டுகளின் பக்கமே வராத ஆயிரக்கணக்கான சிறுவர்கள் அவருடைய அலறலை வாராவாரம் கேட்டு வளர்ந்தார்கள். ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைகூடும் தறுவாயிலும் இருந்தார். 1994 மே 25 அன்று, ஆஸினிங்கில் தம் வீட்டில், மாரடைப்பால் இறந்தார். வயது 53. அந்நிகழ்ச்சியின் ஒரு தவணை 1996-இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு, பெரும்பகுதி அவருடைய வாசிப்பாகவே ஒளிபரப்பாயிற்று.

‘ஆஸ்க் தி ஏஜஸ்’ 2015-இல் மறுவெளியீடு கண்டது. அதில் வாசித்த நால்வரும் இன்றில்லை. ஜோன்ஸ் 2004-இலும், சாண்டர்ஸ், மாஃபெட் ஆகியோர் 2022-இலும் மறைந்தனர். வட்டத்து நண்பர்களில் இவரைப் புதிதாய்க் கேட்கப் புகுவோர் ‘லாஸ்ட் எக்ஸிட்’டில் தொடங்க வேண்டாம், கதவை மூடிக்கொண்டு விடுவீர்கள். ‘ஆஸ்க் தி ஏஜஸி’ன் அந்த மெல்லிய துண்டிலிருந்து தொடங்கி, அதே தட்டின் முதல் துண்டுக்குத் திரும்பி, பிறகு ‘கிதார்’. அதன்பின் ‘பிளாக் வுமன்’. ‘லாஸ்ட் எக்ஸிட்’ கடைசியில் வரட்டும், பக்கத்து வீட்டார் ஊரில் இல்லாத ஒரு பகற்பொழுதில்.